காசு இருக்கிறது, டாலர் இல்லை



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது இளைய உறுப்பினர் ஒருவர் வந்து, “அண்ணாச்சி, கொழும்பிலிருந்து ஒரு பார்ட்டி வத்தல் கேட்கிறார். 60 நாள் கடன் வேண்டுமாம். தரலாமா?” என்று கேட்டார். “தாராளமாகத் தாருங்கள். ஆனால் அவர்கள் ஊர் ரூபாய் விழுந்தால் அந்த நட்டம் யார் தலையில் என்பதை முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்” என்றேன். பில் டாலரில்தானே போடுகிறோம், அவர்கள் ரூபாய் விழுந்தால் நமக்கு என்ன என்றார். 2022 மார்ச் மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாதக் கடைசியில் கொழும்பு போய் ஒரு வாரம் இருந்து வந்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்து வத்தலும் சின்ன வெங்காயமும் கொழும்பு புறக்கோட்டைக்குப் போவதும், அங்கிருந்து கிராம்பும் பட்டையும் மிளகும் இங்கே வருவதும் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் இந்திய–இலங்கைத் தடையில்லா வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு இந்தப் போக்குவரத்து இன்னும் சுலபமானது. நானும் ஆண்டுக்கு இரண்டு தடவையாவது போய்வருவேன். போனில் எவ்வளவு பேசினாலும், ஒரு வியாபாரியின் கடை வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரிகிற விஷயம் போனில் தெரியாது. கிடங்கில் மூட்டை எவ்வளவு உயரம் அடுக்கியிருக்கிறது, சில்லறைக் கடைக்காரர்கள் தவணைக்குப் பணம் கொண்டுவருகிறார்களா, வேலையாட்கள் பழைய ஆட்களா புது ஆட்களா என்பதெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டியவை.

கொரோனா அந்த வழக்கத்தை நிறுத்தியது. 2020 மார்ச் 23 அன்று நம் நாட்டில் வழக்கமான பன்னாட்டு விமானங்கள் நின்றன. அவை முறைப்படி மீண்டும் பறக்கத் தொடங்கியது 2022 மார்ச் 27 அன்றுதான். இடையில் சிறப்பு ஏற்பாட்டில் சில விமானங்கள் போயின. இலங்கையும் 2021 ஜனவரி 21 முதல் பயணிகளை அனுமதித்தது. ஆனால் குறிப்பிட்ட ஓட்டல்களில்தான் தங்க வேண்டும், திரும்பத் திரும்ப மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற நிலை. உல்லாசப் பயணிக்கு அது சரிப்படலாம். இரண்டு நாள் கடைவீதியில் சுற்றிவிட்டு ஊர் திரும்ப வேண்டிய வத்தல் வியாபாரிக்கு எப்படிச் சரிப்படும்? அந்த ஆண்டு மே மாதம் இங்கே தொற்று உச்சத்தில் இருந்தபோது இந்தியாவிலிருந்து யாரும் வரக்கூடாது என்றே சொல்லிவிட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆக, இரண்டு ஆண்டுகள் முகம் பார்க்காமல் வியாபாரம் நடந்தது. நான் வத்தலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், அவர் விலை சொல்வார். படத்தில் நிறம் தெரியும், ஈரப்பதம் தெரியாது. அதே போல அவர் குரல் எனக்குக் கேட்டது, அவர் கடை எனக்குத் தெரியவில்லை.

அவர் என்று நான் சொல்வது புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நண்பரை. பெயர் வேண்டாம். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஒரு தடவைகூடத் தவணை தவறியதில்லை. 2021 டிசம்பரிலும் 2022 ஜனவரியிலும் அவருக்கு இரண்டு பில்களில் 18,000 டாலருக்கு வத்தல் அனுப்பினேன். 60 நாள் தவணை. முதல் பில்லுக்கான நாள் பிப்ரவரியில் வந்தது, பணம் வரவில்லை. மார்ச்சில் இரண்டாவது பில்லும் அப்படியே நின்றது.

அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 கடைசியிலிருந்து இலங்கை மத்திய வங்கி ஒரு டாலரை 200–203 ரூபாய்க்குள் பிடித்து வைத்திருந்தது. வெளியில் அதே டாலர் 240க்கு மேல் கைமாறியது. ஒரே சரக்குக்குக் கடைவீதியில் இரண்டு விலை இருந்தால் அதன் அர்த்தம் நமக்குத் தெரியாததா? குறைந்த விலை சொல்கிறவனிடம் சரக்கு இருக்காது. வங்கியிலும் அதுதான் நிலைமை. 203க்கு டாலர் என்று பலகையில் இருந்தது, பெட்டியில் டாலர் இல்லை. உணவுப் பொருள் ஏற்றிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் டாலர் கட்ட வழியில்லாமல் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தன. மார்ச் 7 அன்று மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. 203 இருந்தது மாதக் கடைசியில் 300ஐ நெருங்கியது. மே மாதம் 360.

வங்கியிலிருந்து எனக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. ஏற்றுமதிப் பணம் உரிய காலத்துக்குள் வங்கி வழியாக வந்தாக வேண்டும் என்பது சட்டம். பேக்கிங் கிரெடிட் வாங்கியிருந்ததால் வட்டி வேறு ஓடிக்கொண்டிருந்தது. பையன், “நேரில் போய்க் கேளுங்கள், இல்லையென்றால் வக்கீலைப் பாருங்கள்” என்றான். விமானங்கள் முறைப்படி தொடங்கிய மறுநாளே, மார்ச் 28 திங்கட்கிழமை, சென்னையிலிருந்து புறப்பட்டேன்.

புறப்படுவதற்குள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். இரண்டு ஊசி போட்டவர்களுக்கு முன்பரிசோதனை வேண்டாம் என்று இலங்கை மார்ச் 1 முதல் அறிவித்திருந்தது. அதனால் செலவு குறைந்தது. ஆனால் கொரோனா காப்பீடு கட்டாயம், அதற்கு 12 டாலர். விசா தனி. நம் ஊருக்குத் திரும்பி வரும்போது ஏர் சுவிதா என்ற இணையப் பதிவில் 14 நாள் பயண விவரத்தையும் ஊசிச் சான்றிதழையும் ஏற்ற வேண்டும். இதெல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் ஊசிச் சான்றிதழ் ஆதார் அட்டைப்படி எடுத்தது. அதில் என் பெயருக்கு முன் ஒற்றைத் தலைப்பெழுத்து. பாஸ்போர்ட்டில் என் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கிறது. விமான நிலையத்தில் இருந்த பெண், “இது நீங்கள்தான் என்று எப்படி நம்புவது சார்?” என்று கேட்டுவிட்டார். நம் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இந்தத் தலைப்பெழுத்துச் சிக்கல் உண்டு. நல்லவேளையாகப் பையன் சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்த்து வேறொரு பிரதி எடுத்துப் பைக்குள் வைத்திருந்தான். அது இல்லையென்றால் அன்று வரிசையிலிருந்து வெளியே வந்திருப்பேன். இன்று அந்த விதிகள் ஒன்றும் இல்லை. இலங்கை 2022 டிசம்பரில் சான்றிதழ் கேட்பதையே நிறுத்திவிட்டது. ஏர் சுவிதாவும் அந்த நவம்பரோடு முடிந்தது. ஆனால் இனி ஒரு நோய் வந்தால் இதே விதிகள் ஒரே நாளில் திரும்பி வரும். பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கும்படி இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

என்னுடன் வந்த பயணிகளில் நம் மாவட்டத்துப் பேன்சி வியாபாரி ஒருவரும் இருந்தார். இரண்டு காலிப் பெட்டிகளோடு வந்தார். “டாலருக்கு 300 கொடுக்கிறான் அண்ணாச்சி, போன மாதம் 200தான். எல்லாமே மூன்றில் ஒரு பங்கு மலிவு” என்று கணக்குப் போட்டுச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இறங்கியவுடன் கையிலிருந்த டாலர் அத்தனையையும் மாற்றிவிட்டார். நான் அன்றன்றைய செலவுக்கு மட்டும் மாற்றினேன். விழுந்துகொண்டிருக்கிற காசை மொத்தமாக வாங்கிக் கையில் வைத்திருப்பானேன்? திரும்பி வரும்போது மிஞ்சிய இலங்கை ரூபாயை இங்கே யாரும் ஆசையாக வாங்க மாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

அந்த மலிவுக் கணக்கு எங்கே தவறியது என்றால், ஓட்டல்காரர் அறை வாடகையை டாலரில் சொன்னார். கடைகளில் வெளிநாட்டுப் பொருள் என்று இருந்தவை ஏற்கெனவே புது விலைக்கு ஏறியிருந்தன. பழைய விலைக்கு இருக்க வேண்டிய பொருள்கள் கடையிலேயே இல்லை. பால்மாவு இல்லை. காஸ் இல்லாமல் சாப்பாட்டுக் கடைகள் பாதி மூடிக் கிடந்தன. ஒரு நாட்டின் காசு விழும்போது பொருள் மலிவாவதில்லை, பொருள் மறைகிறது. அவர் கடைசியில் தேயிலைப் பொட்டலங்களோடு திரும்பினார். தேயிலை நல்ல தேயிலைதான்.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவை முன்பு பார்த்தவர்களுக்குத் தெரியும். நாட்டாமைகள் மூட்டை சுமந்துகொண்டு ஓட, வழிவிடச் சொல்லிச் சத்தம் போட, நடக்க இடம் இருக்காது. நான் போன வாரம் அந்தத் தெருவில் நிதானமாக நடக்க முடிந்தது. அதுவே எனக்குப் பகீரென்றது. டீசல் இல்லாததால் வெளியூர் லாரிகள் வரவில்லை. மார்ச் 31 அன்று 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. மின்னணுத் தராசுகள் செத்துக் கிடந்தன. சில கடைகளில் பழைய தட்டுத் தராசைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருந்தார்கள். விலைப் பலகையில் யாரும் விலை எழுதவில்லை. கேட்டால் வாயால் சொன்னார்கள். காலையில் சொன்ன விலை மதியத்துக்கு இல்லை.

நண்பரின் கடையில் போய் உட்கார்ந்தேன். கிடங்கில் ஐந்தாறு அடுக்கு மூட்டை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை தெரிந்தது. அவரே பேச்சை எடுத்தார். “அண்ணாச்சி, உங்கட வத்தல் முழுக்க வித்துட்டேன். காசும் கைக்கு வந்துட்டுது. காசு இருக்கு, டொலர் இல்ல” என்றார். பெட்டியைத் திறந்து காட்டினார். நோட்டுக் கட்டுகள் இருந்தன. வங்கிச் சீட்டுகளையும் காட்டினார். பிப்ரவரியிலிருந்து வாரா வாரம் வங்கிக்குப் போய் 18,000 டாலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். முதலில் எரிபொருளுக்கு, பிறகு மருந்துக்கு, பிறகுதான் மற்றதற்கு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இங்கே சில்லறைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கை அவர் சொன்னார். டாலர் 203 இருக்கும்போது வாங்கிய 100 மூட்டையை அந்த விலைக்கு நியாயமான லாபம் வைத்து விற்றுவிட்டார். கணக்குப்படி லாபம். வரி அதிகாரியிடம் காட்டினாலும் லாபம்தான். ஆனால் டாலர் 300 ஆன பிறகு, போட்ட முதலை வைத்துத் திரும்ப வாங்கப் போனால் 67 மூட்டைதான் வருகிறது. லாபத்தையும் சேர்த்துப் போட்டால் 70, 72. பேரேட்டில் லாபம் ஏறியிருக்கிறது, கிடங்கில் முப்பது மூட்டை காணாமல் போயிருக்கிறது. இதை இரண்டு தடவை செய்தால் கடையை மூட வேண்டியதுதான். ஆகவே வியாபாரி என்ன செய்கிறான்? விற்கத் தயங்குகிறான். விற்றால் புது விலைக்கு விற்கிறான். உடனே ஊரார் பதுக்கல்காரன் என்கிறார்கள்.

2021 ஆகஸ்டு கடைசியில் இலங்கை அரசு உணவுப் பொருள்களுக்கு நெருக்கடிகால விதிகளைக் கொண்டுவந்தது. அதிகாரிகள் கிடங்குகளுக்குப் போய்ச் சீனி இருப்பைக் கைப்பற்றினார்கள். அரிசிக்கும் சீனிக்கும் விலை கட்டினார்கள். கட்டிய விலைக்குச் சரக்கு வரவில்லை. ஒரு மாதத்துக்குள் அரிசியின் கட்டுப்பாட்டையும், அக்டோபரில் பால்மாவு, காஸ், கோதுமை மாவு இவற்றின் கட்டுப்பாட்டையும் நீக்கினார்கள். விலை ஒரே தாவாகத் தாவியது. அதற்கு முன்பே மஞ்சள் இறக்குமதியைத் தடுத்து வைத்திருந்ததால் அங்கே கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போய், நம் மண்டபம், தூத்துக்குடிக் கடற்கரைகளில் படகு படகாக மஞ்சள் பிடிபட்டதை நாம் செய்தித்தாளில் படித்தோம். ஈரோட்டு மஞ்சளுக்கு வந்த யோகத்தைப் பாருங்கள். வியாபாரிகள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையிலேயே பதுக்கியவர்கள் அங்கேயும் இருந்தார்கள், எங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் போட்ட முதலைக் காப்பாற்றிக்கொள்ளத் தயங்குகிறவனையும் பதுக்குகிறவனையும் ஒரே கயிற்றில் கட்டினால் இரண்டு பேருமே கடையைச் சாத்திவிடுவார்கள்.

சரி, என் பாக்கிக்கு வருகிறேன். நண்பர் மூன்று வழி சொன்னார். “இலங்கைக் காசா இங்கயே எடுத்துக்கொள்ளுங்கோ” என்றார். அது முடியாது. ஏற்றுமதிப் பணத்தை அப்படிக் கையில் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வருவது சட்ட விரோதம். அடுத்து, கிராம்பாகத் தருகிறேன் என்றார். ஊரில் என் வங்கிக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஏற்றுமதிக்குப் பணம் பணமாகத்தான் வர வேண்டும், இறக்குமதிக் கணக்கு தனி, இதையும் அதையும் தட்டிக் கழிக்க முடியாது என்றார்கள். மூன்றாவது வழி, வங்கியில் டாலர் கிடைக்கும்போது கிடைக்கிற அளவு அனுப்புவது. அதற்கு நாள் சொல்ல முடியாது என்றார்.

அன்று இரவு செட்டியார் தெருவுக்குப் பக்கத்தில் நான் தங்கியிருந்த விடுதியில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 18,000 டாலர் என்பது அவர் வாங்கிய நாளில் 36 லட்சத்து 54 ஆயிரம் இலங்கை ரூபாய். நான் கணக்குப் போட்ட அன்று 54 லட்சம். (மே மாதக் கணக்கில் அது 64 லட்சத்து 80 ஆயிரம் ஆயிற்று.) அவர் வத்தலை விற்றது 203 கணக்கில். வித்தியாசம் முழுவதும் அவர் தலையில். அவர் செய்த தப்பு என்ன? 60 நாள் கடனில் சரக்கு வாங்கினார், அவ்வளவுதான். அந்தக் கடனை நான்தான் கொடுத்தேன்.

ஏப்ரல் 1 அன்று நெருக்கடி நிலை அறிவித்தார்கள். 2ஆம் தேதி சனிக்கிழமை மாலை 6 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 6 மணி வரை நாடு முழுவதும் ஊரடங்கு. ஞாயிறன்று வாட்ஸ்அப்பும் வேலை செய்யவில்லை. ஊரில் வீட்டார் தவித்துப் போனார்கள். விடுதியில் சமையலுக்குக் காஸ் இல்லை. நண்பர் தன் மகனிடம், ஊரடங்கு தொடங்குவதற்கு முன்பே, இரண்டு நாளுக்குத் தேவையான ரொட்டியும் பழமும் ஒரு சிறிய டின்னில் பால்மாவும் கொடுத்தனுப்பியிருந்தார். அந்தப் பால்மாவுக்காக அவர் வீட்டார் எத்தனை நேரம் வரிசையில் நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். 18,000 டாலர் வசூலிக்க வந்தவனுக்கு அது. நான் அதைக் குடித்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை அவர் கடைக்குப் போய் ஒரே தாளில் இருவரும் எழுதிக்கொண்டோம். பில் தொகையில் 10 சதவீதம் நான் குறைத்துக்கொள்வது. (நாமாகத் தள்ளுபடி செய்துவிட முடியாது, வங்கியில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். வாங்கினேன்.) மீதி 16,200 டாலரை வங்கியில் கிடைக்கக் கிடைக்க அனுப்புவது. அதுவரை வட்டி கேட்பதில்லை. மறுநாள் ஊர் திரும்பினேன். அப்போது டாலர் 300ஐத் தாண்டியிருந்தது.

பையனுக்குக் கோபம். “18,000 வாங்கப் போய் 16,200க்கு எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்களே” என்றான். நம் சங்கத்திலும் சிலர் சிரித்தார்கள். ஆகஸ்டில் முதல் தவணை வந்தது. நாலாவதும் கடைசியுமான தவணை 2023 ஜூனில் வந்தது. இப்போது நம் ரூபாயில் கணக்கைப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் டாலர் நமக்கு 75 ரூபாய்க்கு அருகில் இருந்தது. 18,000 டாலருக்கு 13 லட்சத்து 50 ஆயிரம். பணம் வந்த காலத்தில் நம் ரூபாயும் இறங்கி, சராசரியாக 81 ரூபாய் கிடைத்தது. 16,200 டாலருக்கு 13 லட்சத்து 12 ஆயிரத்துச் சொச்சம். ஆக, நான் குறைத்துக்கொடுத்த 1,800 டாலரில் பெரும்பகுதி எனக்கு நம் ரூபாய் இறங்கியதிலேயே திரும்பிவிட்டது. உண்மையான நட்டம் வட்டிதான். அது ஒரு லட்சத்துக்கு மேல் போயிற்று. அதை நான் மறைக்கவில்லை. அவருக்கோ, குறைத்த பிறகும் 360 கணக்கில் 58 லட்சத்துக்கு மேல் ஆனது. வீட்டு நகையில் ஒரு பகுதியை விற்றதாகப் பிறகு சொன்னார். தங்கம் ஒன்றுதான் அந்த ஆண்டு அங்கே டாலரோடு சேர்ந்து ஏறியது.

இதே காலத்தில் வேறொரு ஊர் வியாபாரி தன் கொழும்புக்காரரை நெருக்கி, பாக்கியைக் காட்டி மிரட்டி, புதிதாக வாங்கிய கிராம்பைப் பாதி விலைக்கு அடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பருவத்தில் நல்ல லாபம் பார்த்தார். பழைய பாக்கி வந்ததா என்றால் இல்லை. 2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியத்தின் கடன் கிடைத்து, இலங்கை ரூபாய் மெல்ல மீண்டு 300க்கு அருகில் நிலைத்த பிறகு, அந்தக் கொழும்புக்காரர் இவர் போனை எடுப்பதில்லை. சரக்கை வேறு ஊரில் வாங்குகிறார்.

‘டாலரில் பில் போட்டால் டாலரில் வாங்க வேண்டியதுதானே, பங்கு என்ன பேச்சு’ என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். காகிதத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் தாங்க முடியாத பாரத்தை ஒருவர் மேலேயே ஏற்றினால் அவர் முழுதாகத் தரமாட்டார் என்பதல்ல, ஒன்றுமே தரமாட்டார். அப்புறம் காகிதத்தை வைத்துக்கொண்டு நாம் எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போவது?

நாமும் அந்த நிலையைப் பார்த்தவர்கள்தான். 1991இல் நம் நாட்டுத் தங்கத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டில் அடகு வைத்தார்கள். ஜூலை மாதம் மூன்று நாளுக்குள் இரண்டு தடவை ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 21 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டாலர் 26 ரூபாய்க்கு அருகில் போயிற்று. அன்றைக்கு வெளிநாட்டுக்காரன் நமக்குத் தவணை கொடுத்தானா கொடுக்கவில்லையா என்பது அந்தக் காலத்து இறக்குமதி வியாபாரிகளுக்கு இன்னும் நினைவிருக்கும்.

வெளிநாடே போகாத சில்லறைக் கடைக்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். உங்கள் கடையில் இருக்கும் உளுந்தில் ஒரு பங்கு பர்மாவிலிருந்து வருகிறது. அங்கே 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது டாலர் 1,330 கியாட் அளவில் இருந்தது. 2022 ஏப்ரலில் அரசு 1,850 என்று கட்டியது, ஆகஸ்டில் 2,100 என்றது. வெளியில் அதற்கெல்லாம் மேலே போய்க்கொண்டே இருந்தது. அந்த நிலையில் ரங்கூன் வியாபாரி உளுந்தை விற்றுக் கியாட்டைக் கையில் வைத்துக்கொள்வானா, உளுந்தையே வைத்துக்கொள்வானா? உளுந்துதான் அவனுக்குப் பணம். விளைச்சல் நன்றாக இருந்தும் இங்கே விலை இறங்காமல் நிற்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. ‘சப்ளை டைட்’ என்று தரகர் சொன்னால் மழை பெய்ததா என்று மட்டும் பார்க்காமல், அந்த நாட்டுக் காசு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள்.

அதற்குப் பிறகு சில வழிகள் திறந்திருக்கின்றன. அதுவரை இலங்கையுடன் வணிகப் பணம் ஆசிய நாடுகளின் பொதுவான கணக்குத் தீர்வு ஏற்பாட்டின் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி அதற்கு வெளியிலும் வரலாம் என்று அனுமதித்தது. அதே மாதம், வெளிநாட்டு வணிகத்துக்கு நம் ரூபாயிலேயே பில் போட்டுப் பணம் பெறவும் வழி செய்தது. நம்மைப் போன்ற சிறு ஏற்றுமதியாளர்கள் இதைப் பயன்படுத்துவது இன்னும் குறைவு. வங்கிக் கிளையில் கேட்டால் கிளைக்காரரே நம்மைத் திரும்பக் கேட்கிறார். ஏற்றுமதிக் கடன் காப்பீடான ஈ.சி.ஜி.சி. பாலிசியில், வாங்கியவர் பணம் கட்டியும் அவர் நாட்டில் டாலர் கிடைக்காமல் தடைப்படுவதற்கும் பாதுகாப்பு உண்டு. நான் அந்தப் பாலிசி எடுத்திருக்கவில்லை. பழைய பார்ட்டிதானே என்று இருந்துவிட்டேன். வீடு பற்றிய பிறகு இன்சூரன்ஸ் ஏஜெண்டைத் தேட முடியாது.

சங்க நிர்வாகிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். வெளிநாட்டுக்குக் கடனில் சரக்கு அனுப்பும் உறுப்பினர்களுக்காக ஒரு பக்க ஒப்பந்தப் படிவம் ஒன்று அச்சடிக்க வேண்டும். எந்த நாணயம், எந்த நாளைய மாற்று விலை, அந்த விலை எவ்வளவு மாறும் வரை வாங்குகிறவர் பொறுப்பு, அதற்கு மேல் போனால் எப்படிப் பங்கு, இவ்வளவு இருந்தால் போதும். 5 சதவீதம் வரை வாங்குகிறவர், அதற்கு மேல் பாதிப் பாதி என்பது என் யோசனை. பங்குத் தள்ளுபடிக்கு வங்கி அனுமதி வேண்டும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். வேறு கணக்குச் சொல்கிறவர்கள் சொல்லட்டும், கூட்டத்தில் பேசித் தீர்மானிக்கலாம். ஆனால் சரக்கு ஏற்றுவதற்கு முன் எழுத வேண்டும். காசு விழ ஆரம்பித்த பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுவது எல்லாருக்கும் வாய்க்காது.

நானும் நண்பரும் எழுதிக்கொண்ட தாள், வங்கிக் கடிதங்கள், தவணை வந்த சீட்டுகள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. பெயர்களை மட்டும் மை பூசி மறைத்து ஒரு பிரதி எடுத்திருக்கிறேன். அடுத்த செயற்குழுவுக்குக் கொண்டுவருகிறேன். அதற்கு முன் பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் கடைக்கு வரலாம்.